இருபாலார்க்கும் உரிய மார்பகம்

மார்பகம் பெண்ணுக்கு மட்டும் உரிய உறுப்பு என்னும் எண்ணம் மிகப் பரவலானது. உடற்கூற்றியலின் பார்வையில் அது பிழையானதும் ஆகும். ஆண், பெண் இருவரிடமும் மார்பகம் ஒரே கருத்திசுவிலிருந்து, கருவளர்ச்சியின் ஒரே கட்டத்தில், ஒரே இடத்தில் தோன்றி, பருவம் எட்டும் வரை ஏறத்தாழ ஒரே வடிவில் இருந்து, அதன் பின்னரே, இரத்தத்தில் கலந்து சென்று தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்கும் ஹார்மோன்களின் அளவு வேறுபடுவதால் வெவ்வேறு வழிகளில் செல்கிறது. பெண்ணிடம் அது பருவமடைதல், கருவுறுதல், பாலூட்டல், மாதவிடாய் நிற்றல் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டே செல்கிறது, ஆணிடம் தொடக்க நிலையிலேயே நின்றுவிடுகிறது, ஆயினும் இல்லாமற்போவதில்லை. அஸ்தம்பட்டியிலும் அதைச் சூழ்ந்த சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களிலும் இவ்வுறுப்பைப் பற்றிய வெளிப்படையான பேச்சு பிள்ளை பெற்ற வீட்டில் ஒருமுறையும் நோய் கண்ட வீட்டில் ஒருமுறையும் எழுகிறதே தவிர, நலமாக இருக்கும் மார்பகம் எவ்வாறு அமைந்துள்ளது என்பது பேசப்படுவதே இல்லை. நலமானதன் அமைப்பை அறியாதவர் அதில் ஏற்படும் மாற்றத்தை எதனோடு ஒப்பிட்டு உணர்வார் என்னும் வினாவே இவ்வுரையின் அடிப்படை.

இத்தகைய அறிவு தமிழில் பேசப்படுவது புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததோடு, ஹென்றி கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரில் 1872இல் தமிழில் வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மனித உடலின் ஒவ்வோர் உறுப்பையும் கூச்சமின்றித் தமிழில் படித்த மாணவர்கள் இருந்தனர் என்பதை நினைக்கும்போது, இன்று ஒரு தாய் தன் மகளிடம் இவ்வுறுப்பின் பெயரைச் சொல்லவே தயங்குவது வருத்தத்துக்குரியது.

மார்பகம் அமைந்துள்ள இடத்தை முதலில் வரையறுக்க வேண்டும். வளர்ந்த பெண்ணிடம் அதன் அடித்தளம் மேலிருந்து கீழாக இரண்டாம் விலா எலும்பிலிருந்து ஆறாம் விலா எலும்பு வரையிலும், குறுக்காக நெஞ்செலும்பின் விளிம்பிலிருந்து அக்குளின் நடுக்கோடு வரையிலும் பரவியிருக்கிறது. வெளித்தோற்றத்தில் புடைத்துத் தெரியும் பகுதியைவிட இது மிகப் பெரிய பரப்பு என்பதும், புடைப்பு முடியும் இடத்தில் மார்பகம் முடிந்துவிடுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. அதன் பெரும்பகுதி, தோளையும் கையையும் அசைக்கும் பெரிய மார்புத் தசையின் மேல் அமர்ந்துள்ளது. எஞ்சிய பகுதி விலாப்புறத் தசைகளின் மேல் படிந்துள்ளது. தசையின் உறைக்கும் மார்பகத்துக்கும் இடையே தளர்ந்த இணைப்புத்திசு நிரம்பிய மெல்லிய இடைவெளி இருப்பதால், நலமான மார்பகம் தசையின் மேல் எளிதாக நகர்கிறது. அவ்வாறு நகராமல் ஒட்டிக்கொண்டு நிற்பது நோயின் அடையாளமாகக் கருதப்படுவது இதனாலேயே. மேற்புற வெளிப்பகுதியிலிருந்து நாக்குப் போன்ற ஒரு நீட்சி அக்குளுக்குள் நுழைகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸின் பெயரால் வழங்கும் இவ்வால்பகுதி சிலரிடம் வெளியே தெரியும் அளவுக்குப் பருத்திருக்கும். மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் மார்பகத்தை இதயம், நுரையீரல் ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்காமல், தோளும் கையும் அடங்கிய பகுதியோடு சேர்த்துப் படிப்பதற்குக் காரணமும் இதுவே: அது அமர்ந்திருக்கும் தசை கையினுடையது, அதிலிருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் அக்குளையே சேர்கிறது.

உள்ளமைப்பைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் பெரும்பகுதிக்கு அடித்தளம் இட்டவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். இறந்த பெண்களின் மார்பகங்களில் முலைக்காம்புத் துளைகளின் வழியே வண்ண மெழுகைச் செலுத்தி, ஒவ்வொரு நாளமும் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதைப் பிரித்துக் காட்டிய அவருடைய நூல் 1840இல் வெளிவந்தது. மார்பகத்தின் பால் சுரக்கும் பகுதி 15 முதல் 20 வரையிலான மடல்களாகப் பிரிந்திருப்பதாகவும், ஒவ்வொரு மடலுக்கும் தனித்தனியே ஒரு பால்நாளம் உண்டு என்றும், அவை யாவும் காம்பில் வந்து திறக்கின்றன என்றும் பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. பாலூட்டும் தாய்மாரை அல்ட்ராசவுண்ட் கருவியால் ஆராய்ந்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட முடிவுகள், காம்பை வந்தடையும் முதன்மை நாளங்கள் சராசரியாக 9 மட்டுமே என்று காட்டின; காம்புக்கு அடியில் பால் தேங்கிநிற்கும் பைகள் இருப்பதாகப் படங்களில் வரையப்பட்டுவந்ததும் அந்த ஆய்வில் உறுதிப்படவில்லை. உண்மையில் கூப்பர் தம் கையாலேயே நிரப்ப முடிந்த நாளங்களும் பன்னிரண்டைத் தாண்டவில்லை என்பதால், பிற்காலப் பாடநூல்களைவிட அவருடைய நேரடி நோக்கே உண்மைக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது.

ஒவ்வொரு மடலும் பல மடற்கூறுகளாகவும், ஒவ்வொரு மடற்கூறும் நுண்ணறைகள் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளின் கொத்தாகவும் பிரிகின்றன. பால் உண்டாகும் இடம் இந்நுண்ணறைகளே. மடற்கூறும் அதிலிருந்து புறப்படும் மிக நுண்ணிய நாளமும் சேர்ந்த பகுதியே மார்பகத்தின் செயற்படும் அலகு. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் அங்கிருந்தே தோன்றுகின்றன. மடல்களுக்கு இடையிலும் தோலுக்கு அடியிலும் கொழுப்பு நிரம்பியிருக்கிறது. தோலிலிருந்து புறப்பட்டுக் கொழுப்பையும் சுரப்பித்திசுவையும் ஊடுருவி, பின்னாலுள்ள தசையுறை வரை செல்லும் நார்த்தடங்கள் மார்பகத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அவை கூப்பரின் பெயராலேயே கூப்பர் தசைநார்கள் எனப்படுகின்றன. வயது ஏறும்போதும் உடல் எடை மாறும்போதும் இத்தடங்கள் நெகிழ்வதால் மார்பகம் தாழ்கிறது. ஆகவே தாழ்வது இயற்கையே அன்றி, பால் கொடுத்ததற்கான தண்டனை அன்று. அதே தடங்களை உள்ளே வளரும் புற்றுநோய் பற்றி இழுக்கும்போது தோலில் குழி விழுகிறது. கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே, கைகளை மேலே தூக்கும்போது தோன்றும் அக்குழி கண்ணுக்குத் தெரிந்துவிடக்கூடும் என்பதால், கண்ணாடி முன் நின்று பார்ப்பதும் தொட்டுப் பார்ப்பதற்கு நிகரான சோதனையே ஆகும்.

மடற்கூறுகளும் கொழுப்பும் நாரும் இவ்வாறு கலந்திருப்பதால் எந்தப் பெண்ணின் மார்பகமும் தொடுவதற்கு ஒரே சீராக இருப்பதில்லை. விரல்களின் உட்புறத்தால் மெல்லத் தடவும்போது, துணிப்பையில் இட்ட ஜவ்வரிசியைப் பைக்கு மேலிருந்து தொடுவதைப் போன்ற மணிமணியான உணர்வு ஏற்படுவது முற்றிலும் இயல்பானது. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் அது மிகுந்து, கனமும் சிறு வலியும் சேர்ந்து, பின்னர் தணியும். முதன்முறையாகத் தன் மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கும் பெண் இம்மணிகளை எல்லாம் கட்டி என்று எண்ணி அஞ்சுகிறாள். அடிக்கடி பார்த்துப் பழகியவளோ, மற்றவற்றிலிருந்து வேறுபட்டு, மாதவிடாய் முடிந்த பின்னும் மறையாமல், தனித்துக் கெட்டியாக நிற்கும் ஒன்றை எளிதில் பிரித்தறிகிறாள்.

மார்பகத்தின் முனையில் உள்ள காம்பும் அதைச் சூழ்ந்த கருவட்டமும் கொழுப்பு இல்லாத பகுதிகள். காம்பினுள் வட்டமாகவும் நெடுக்காகவும் ஓடும் மென்தசைகள் இருப்பதால், தொடுதலாலும் குளிராலும் அது விறைக்கிறது. கருவட்டத்தில் சிறு புடைப்புகளாகத் தெரியும் சுரப்பிகளை அயர்லாந்து மகப்பேறு மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1837இல் விவரித்தார். கருவுற்ற காலத்தில் பருக்கும் இவை எண்ணெய்ப்பசையைச் சுரந்து காம்பைக் காய்ந்து வெடிக்காமல் காக்கின்றன. ஆதலால் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். சிலருக்குக் காம்பு பிறவியிலிருந்தே உள்நோக்கி மடிந்திருக்கும், அது நோயன்று. நேற்றுவரை வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுபடுவதே மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியது.

நுண்ணறைகளின் சுவரில் இரண்டு அடுக்கு உயிரணுக்கள் உள்ளன. உள்ளடுக்கு பாலைச் சுரக்கிறது. அதைச் சுற்றிப் பின்னியுள்ள வெளியடுக்கு சுருங்கும் தன்மையுடையதாய்ப் பாலை நாளங்களுக்குள் தள்ளுகிறது. சுரத்தலுக்குப் புரோலாக்டின், தள்ளுதலுக்கு ஆக்சிடோசின் என இவ்விரு வேலைகளையும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் இரண்டு ஹார்மோன்கள் இயக்குகின்றன. குழந்தை காம்பைச் சப்பும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளைக்குச் சென்று, ஆக்சிடோசின் இரத்தத்தில் கலந்து, சிறிது நேரத்தில் பால் இறங்குகிறது. குழந்தையின் அழுகுரலைக் கேட்டவுடனேயே பால் கசிவதும், வலியாலும் அச்சத்தாலும் மனக்கலக்கத்தாலும் பால் இறங்கத் தாமதிப்பதும் இதனாலேயே நிகழ்கின்றன. பிள்ளை பெற்ற பெண்ணை வீட்டார் கடிந்து பேசலாகாது என்னும் மூத்தோர் வழக்கத்துக்கு உடலியலில் இத்தகைய உறுதியான காரணம் உண்டு.

கருவுற்ற காலத்தின் நடுப்பகுதியிலேயே மார்பகம் பால் சுரக்கும் திறனைப் பெற்றுவிட்டாலும், நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்ட்டிரோன் பெருஞ்சுரப்பைத் தடுத்துவைக்கிறது. பேற்றின்போது நஞ்சுக்கொடி வெளியேறியதும் அத்தடை நீங்கி, இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் மார்பகம் கனத்துப் பால் நிறைகிறது. அதற்கு முன் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் மிகக் குறைவாக இருப்பதால் ‘பால் இல்லை’ என்று முடிவுகட்டி, சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டும் வழக்கம் இச்சமவெளியில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பிறந்த குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. சீம்பாலின் அளவு அதற்குப் போதுமானது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் அதில் மிகுதி. சிறிய மார்பகம் உடையவளுக்குப் பால் போதாது என்பதும் தவறே. மார்பகத்தின் பருமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொழுப்பு. பாலைத் தீர்மானிப்பது சுரப்பித்திசுவும், எத்தனை முறை எவ்வளவு பால் வெளியேற்றப்படுகிறது என்பதுமே ஆகும். தாய்ப்பாலை மட்டும் குடித்து வளரும் குழந்தை முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லிலிட்டர் வரை குடிக்கிறது. பால் வெளியேறாமல் தேங்கும்போது, இங்குள்ளோர் பால் கட்டிக்கொண்டது என்று சொல்லும் நிலை தோன்றி, மார்பகம் கல்லாகி, சுரப்பும் குறையத் தொடங்குகிறது. பேறுகால விடுப்பு இல்லாமல் தறிக்கூடத்துக்கும் வெள்ளிப் பட்டறைக்கும் திரும்பும் பெண்களுக்கு இது அன்றாடத் துன்பம். தமிழக அரசு 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளையும், சேலம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளையும் ஏற்படுத்தியது இவ்வகையில் பாராட்டத்தக்கது. வேலையிடங்களிலும் அத்தகைய ஓர் அறை வேண்டும் என்பதை மார்பகத்தின் இயக்கமே வற்புறுத்துகிறது.

இனி இவ்வுறுப்பின் தோற்றத்துக்குத் திரும்பலாம். கரு ஐந்து, ஆறு வாரங்களை எட்டும்போது அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை உடலின் இருபுறமும் தோல் தடித்து ஒரு கோடாக எழுகிறது. பால்கோடு எனப்படும் இதன் நெடுகிலும் நாய், பன்றி ஆகியவற்றுக்குப் பல இணை மடிகள் வளர்கின்றன; மனிதரிடம் நெஞ்சுப் பகுதியில் ஓரிணை தவிர மற்றவை மறைந்துவிடுகின்றன. மறையாமல் எஞ்சிய துணுக்குகள் சிலரிடம் மார்பகத்துக்குக் கீழே மச்சம் போன்ற கூடுதல் காம்பாகவும், சிலரிடம் அக்குளில் கூடுதல் மார்பகத்திசுவாகவும் காணப்படும். பிள்ளை பெற்ற மூன்றாம் நாளில் அக்குளில் திடீரென வீங்கி வலித்து, சில நாள்களில் தானே வடிந்துவிடும் வீக்கம் பலமுறை இத்தகையதே. தோலிலிருந்து உள்நோக்கி வளரும் சுரப்பி என்னும் முறையில் மார்பகம், வியர்வைச் சுரப்பியின் மாறிய வடிவமாகவே கருதப்படுகிறது.

பிறக்கும் நேரத்தில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் காம்புக்கு அடியில் சில நாளங்கள் மட்டுமே உள்ளன. தாயின் இரத்தத்திலிருந்து வந்த ஹார்மோன்களின் தூண்டுதலால் இருபால் குழந்தைகளுக்கும் பிறந்த சில நாள்களில் மார்பு சற்றே வீங்கி, துளித்துளியாகப் பால் கசிவதும் உண்டு. ஆண் குழந்தையின் மார்பிலும் பால் வருவதைவிட, மார்பகம் இருபாலார்க்கும் பொது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இவ்வீக்கம் தானாகவே சில வாரங்களில் வற்றிவிடும். ஆயினும் குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கி எடுக்காவிட்டால் பின்னாளில் கெடுதல் என்று நம்பி, பிஞ்சு மார்பைப் பிதுக்கும் வழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது. அதனால் தோல் கீறி, கிருமி புகுந்து, சீழ்க்கட்டியாகி, பெண் குழந்தையானால் வளர வேண்டிய மொட்டே அழிந்துபோகக்கூடும். அன்பினால் செய்யப்படும் இச்செயலைப் பாட்டிமாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லி நிறுத்த வேண்டியது கட்டாயம்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையே, சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜனால் காம்புக்கு அடியில் ஒரு சிறு மொட்டு எழுகிறது. பூப்பெய்துவதற்கு ஏறத்தாழ இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நிகழும் இதுவே பருவத்தின் முதல் அடையாளம். இம்மொட்டு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் முதலில் தோன்றி, மறுபக்கத்தில் சில மாதங்கள் கழித்துத் தோன்றுவதால், ஒற்றைப் பக்கக் கெட்டியைக் கட்டி என்று அஞ்சிப் பெற்றோர் பதறுகின்றனர். அதை அறுத்து எடுப்பது முழு மார்பகத்தையும் எடுப்பதற்கு ஒப்பாகும். ஏனெனில் வளர்ந்த மார்பகம் முழுவதும் அம்மொட்டிலிருந்தே உருவாக வேண்டும். வளர்ச்சி முடிந்த பின்னும் இரண்டு மார்பகங்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை என்பதும், சிறு வேறுபாடு ஏறத்தாழ எல்லாப் பெண்களிடமும் உண்டு என்பதும் வளரிளம் பெண்களுக்குச் சொல்லப்பட வேண்டியவை. குரங்கினங்கள் அனைத்திலும் கருவுறுதலும் பாலூட்டலும் இல்லாத காலத்திலும் மார்பகம் புடைத்தே இருப்பது மனித இனத்தில் மட்டுமே என்பதையும் இங்கே சேர்த்து எண்ணலாம்.

ஆண் பிள்ளைகளிடமும் பருவத்தில் மார்பகம் வளர்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். விந்தகத்தில் டெஸ்டோஸ்டிரோன் பெருகும் காலத்தில் அதில் ஒரு பகுதி அரோமட்டேஸ் என்னும் நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது. இரண்டுக்கும் இடையிலான சமநிலை சிறிது காலம் தடுமாறுவதால், பருவ வயதுச் சிறுவருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காம்புக்கு அடியில் வலியுள்ள தட்டையான கெட்டி தோன்றி, பெரும்பாலோருக்கு இரண்டாண்டுகளுக்குள் மறைந்துவிடுகிறது. கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற இம்மண்டலத்தில் இதற்குப் பிராய்லர் கோழியே காரணம் என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் விளக்கம். கோழி விரைவில் எடை கூடுவது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனக்கலப்பாலும் தீவனத்தாலுமே. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம் ஆதலால் தீவனத்தில் கலந்தால் செரித்துப்போகும், ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஊசியாகப் போடுவதோ நடைமுறைக்கு ஒவ்வாது. பிராய்லர் கோழி தோன்றுவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, கிபி 7ஆம் நூற்றாண்டில், ஆணின் மார்பக வளர்ச்சியை அறுவையால் சரிசெய்யும் முறையைக் கிரேக்க மருத்துவர் ஈஜினாவின் பவுல் எழுதிவைத்திருக்கிறார். கோழிக்குக் கொடுக்கப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அது வேறு வழக்கு. பள்ளியில் சட்டையைக் கழற்ற வெட்கி விளையாட்டையே கைவிடும் சிறுவனுக்கு உணவுக் கட்டுப்பாட்டைவிட, இது பெரும்பாலும் கடந்துபோகும் நிலை என்னும் உறுதியே முதலில் தேவை.

வளர்ந்த ஆணின் மார்பகம் கருவட்டத்துக்கு அடியில் நாளங்களும் சிறிது நாரும் கொழுப்பும் கொண்ட ஒரு சிறு தட்டாக நிற்கிறது. பால் சுரக்கும் மடற்கூறுகள் அதில் பொதுவாக வளர்வதில்லை. காம்பு பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் விலா எலும்புகளுக்கு இடையில் அமைவதால், பெண்ணிடம் நிலையில்லாத இவ்வடையாளம் ஆணிடம் நெஞ்சின் உறுப்புகளை அளந்து குறிக்க மருத்துவர்களுக்கு உதவுகிறது. பிற்காலத்தில் ஆண் மார்பகம் பெருப்பதற்குக் காரணங்கள் பல. மதுவால் கெட்ட கல்லீரல் ஈஸ்ட்ரோஜனைச் சரிவர அழிக்க இயலாமல் போவது, இதய நோய்க்குத் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகள், உடற்பயிற்சிக் கூடங்களில் மருத்துவர் ஆலோசனையின்றிப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகள் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. தசை பெருக்க வேண்டிப் போட்ட ஆண் ஹார்மோனே உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பகத்தை வளர்ப்பதை அறியாமல் இளைஞர் பலர் துன்புறுகின்றனர். இரண்டாம் உலகப்போரில் பட்டினியில் வாடிய போர்க்கைதிகள் விடுதலையாகி மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியபோது மார்பகம் வீங்கியதாகவும் மருத்துவக் குறிப்புகள் உண்டு. எடை கூடியதால் சேர்ந்த வெறுங்கொழுப்பையும் உண்மையான சுரப்பி வளர்ச்சியையும் பிரித்தறிவது எளிது: காம்பின் இருபுறமும் விரல்களை வைத்து நெருக்கும்போது கெட்டியான தட்டு ஒன்று தட்டுப்படுமானால் அது சுரப்பி, தட்டுப்படாவிட்டால் கொழுப்பு.

மார்பகத்துக்கு இரத்தம் வழங்குவனவற்றுள் தலையாயது நெஞ்செலும்பின் உட்புறமாக ஓடும் உள்மார்புத் தமனி. இதயத்தின் அடைபட்ட குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவையில் மருத்துவர்கள் எடுத்துப் பயன்படுத்துவதும் இதையே. அக்குளிலிருந்தும் விலா இடைவெளிகளிலிருந்தும் கிளைகள் வருகின்றன. இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகள் முதுகெலும்பைச் சூழ்ந்த சிரைப் பின்னலோடு தொடர்புடையன என்பதால் மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவும் வழி திறந்தே இருக்கிறது.

நிணநீரின் வழி இதைவிட முக்கியமானது. திசுக்களில் கசிந்த நீரைச் சேகரித்துத் திரும்ப இரத்தத்துக்குக் கொண்டுசெல்லும் நுண்குழாய்களும், இடையிடையே அதை வடிகட்டும் முடிச்சுகளும் சேர்ந்ததே நிணநீர் மண்டலம். மார்பகத்தின் நிணநீரில் ஏறத்தாழ முக்கால் பங்கு அக்குளிலுள்ள 20 முதல் 30 வரையிலான முடிச்சுகளுக்கும், எஞ்சியதில் பெரும்பகுதி நெஞ்செலும்பை ஒட்டிய முடிச்சுகளுக்கும் செல்கிறது. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுவது எல்லோரும் அறிந்தது. மார்பகத்தில் புற்றுநோய் வந்தாலும் அதே இடத்தில் வலியில்லாமல் நெறி கட்டும் என்பதையோ, அது ஆணுக்கும் பொருந்தும் என்பதையோ அறிந்தவர் குறைவு. நோயுற்ற பெண்ணின் மார்பகத்தோடு மார்புத் தசையையும் அக்குள் முடிச்சுகளையும் ஒருசேர அகற்றும் அறுவையை அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பினார். அதனால் கை வீங்கி வாழ்நாள் முழுதும் அல்லலுற்ற பெண்கள் எண்ணற்றோர். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தருவதும் உயிர்காப்பதில் அதற்குக் குறைந்ததன்று என்பது 1980களில் உறுதிப்பட்ட பின்னர், தொடக்க நிலையில் வருவோருக்கு மார்பகத்தை இழக்காமலே சிகிச்சை பெறும் வழி பிறந்தது. மார்பகத்தை எடுத்துவிடுவார்கள் என்னும் அச்சத்தால் மறைத்துவைப்பவர், மறைப்பதாலேயே அதை இழக்கும் நிலைக்கு ஆளாகிறார்.

வயது ஏறும்போது சுரப்பித்திசு சுருங்கி அதன் இடத்தைக் கொழுப்பு நிரப்புகிறது. எக்ஸ்ரே படமான மேமோகிராமில் சுரப்பித்திசுவும் கட்டியும் வெண்மையாகவும் கொழுப்பு கருமையாகவும் தெரிவதால், இளம்பெண்ணின் அடர்ந்த மார்பகத்தில் கட்டி மறைந்துவிடக்கூடும். ஐம்பதைக் கடந்தவரிடம் தெளிவாகத் தெரியும். இளையோருக்குப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டே முதலில் செய்யப்படுவதற்குக் காரணம் இதுவே அன்றி, செலவைக் குறைப்பது அன்று.

2020ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வாண்டில் ஏறத்தாழ 1,78,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் இதுவே முதலிடத்தில் உள்ளது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் இதனால் நேரும் இறப்பைக் குறைக்க முடியும் என்பதற்கு மும்பையே சான்று. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி 1,51,538 பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்த குழுவில், ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியிடப்பட்டது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இச்சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. செவிலியரின் கை போதிய பயிற்சி பெற்றதாக இருக்க வேண்டும் என்பதும், அவருக்குத் தனியறையும் போதிய நேரமும் தரப்பட வேண்டும் என்பதும் கேட்டுப்பெற வேண்டிய உரிமைகள்.

ஆண்களுக்கு இத்தகைய பொதுச் சோதனை இல்லை. மொத்த மார்பகப் புற்றுநோயில் அவர்களுடைய பங்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்றே என்பதால் அது தேவைப்படுவதும் இல்லை. ஆனால் ஆணிடம் மார்பகத்திசு மிகக் குறைவாதலால் கட்டி தோலையும் தசையையும் விரைவில் எட்டிவிடுகிறது. காம்பில் புண், இரத்தக் கசிவு, காம்பு உள்ளிழுபடுதல், அதன் அடியில் வலியற்ற கெட்டி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அவர் அறுவை மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருந்தால் இன்னும் விரைந்து செல்ல வேண்டும், ஏனெனில் பிஆர்சிஏ எனப்படும் மரபணுக்களின் பழுது மகளுக்குச் செல்வது போலவே மகனுக்கும் செல்கிறது. மருத்துவர் செய்வது இருபாலார்க்கும் ஒன்றே: கையால் சோதித்தல், படம் எடுத்தல், ஊசியால் சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தல். இளம்பெண்களிடம் காணப்படும் கட்டிகளுள் பெரும்பாலானவை, விரலுக்கு அகப்படாமல் நழுவும் தீங்கற்ற நார்க்கட்டிகளே என்பதால், இம்மூன்று சோதனைகளின் முடிவில் வீடு திரும்புவோரில் மிகப் பலர் நோயில்லை என்னும் செய்தியோடே திரும்புகின்றனர்.